மூன்றாம் வகுப்புக்கு அரை விளக்கு

பேசின் பிரிட்ஜ் யார்டில்
பெட்டிக்கு அடியில் ஊர்ந்து போகிறவன் நான்.
பயணிகள் பார்த்திராத வயிறு அது:
இரண்டு இரும்பு உருளை, முள் வைத்த ஒரு மானி,
விரல் தடிமனில் கூரைக்கு ஏறும் குழாய்.
ரப்பர் குழாயைச் செருகி மரையைத் திருகினால்
புற்றுக்குள் பாம்பு திரும்பும் சத்தம்.
முள் ஏழைத் தொட்டதும் மூட வேண்டும்.
எட்டைத் தொட்டால்
டிமெல்லோ துரைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாயு பிறப்பது பக்கத்துச் செங்கல் கொட்டகையில்.
சிவக்கக் காய்ந்த வாலைக்குள்
கனத்த எண்ணெய் சொட்டுச் சொட்டாய் விழுந்து
புகையாகி, தண்ணீரில் கழுவப்பட்டு,
உருளைக்குள் நெருக்கிக்கொண்டு உட்காரும்.
மிச்சத் தாரை எத்திராசு தகரத்தில் அள்ளிப்போய்
வீட்டுக் கூரைக்குப் பூசுவான்.
மழைக்கு ஒழுகாது. வெயிலுக்கு ஒழுகும்.

என் சட்டையைப் பச்சையம்மா தனியாகத் துவைப்பாள்.
கால்வாய் ஓரமே குடியிருந்து
கால்வாய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாதவள்.

முதல் வகுப்பில் அறைக்கு நாலு சுடர்,
தூக்கம் வந்தால் இழுத்து மூட நீலத் துணி.
மூன்றாம் வகுப்பில்
தடுப்புப் பலகையை வட்டமாய் அறுத்து
இரண்டு அறைக்கும் ஒரே விளக்கு.
இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை.
அதன் மாக்கல் நுனியில்
முடி நுழையத் தயங்கும் துளை.
காசு விழுந்தால் விழுந்ததுதான்.

ஆடியில் அரக்கோணம் போனோம்,
மச்சினி மகளுக்குக் காது குத்து.
என் வெளிச்சத்தைப் பச்சையம்மா பார்க்கட்டும் என்று
உடைக்கப் போட்டிருந்த முதல் வகுப்புப் பெட்டியின்
பெரிய துளை நுனி ஒன்றை
முந்தின நாளே எங்கள் பெட்டியில் மாட்டிவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்.

காவடிக் கூட்டம்.
ராயபுரத்தில் விளக்கேற்றுகிறவன்
எங்கள் பெட்டிக்கு வருமுன்னே விசில் ஊதிவிட்டார்கள்.
கும்மிருட்டு.
எவனோ என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான்.
முகம் தெரியாத கை ஒன்று
பச்சையம்மாவுக்கு வெற்றிலை நீட்டியது.
"மாசமா இருக்கியா, சாஞ்சு உக்காரு" என்றது
அதே கையின் குரல்.

திருவள்ளூரில் கூரை மேல் காலடி.
தீப்பந்தம் ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது.
வெளிச்சம்!
பெட்டியே வாயைப் பிளந்தது.
மோர் நிறத்தில், நடுங்காமல்,
நகக்கண் வரைக்கும் தெரிகிற வெளிச்சம்.
நான் பச்சையம்மாவைப் பார்த்தேன்.
தோளில் இருந்தவன் என்னைப் பார்த்தான்:
தார் ஏறிய விரல், சட்டை, கழுத்து.
"எந்த ஊரு?"
சொன்னேன்.
"ஊர்ல எந்தப் பக்கம்?"

அதையும் சொன்னேன்.

மூச்சு விட இடமில்லாத பலகையில்
எங்கிருந்தோ நாலு விரற்கடை இடம் பிறந்தது.
வெற்றிலைப் பெட்டி மூடியது.
சின்னச் சத்தம்தான்,
வால்வு மூடுகிற மாதிரி.

பச்சையம்மா மென்றுகொண்டிருந்தாள்.
துப்பவில்லை. அவசரமாய் விழுங்கவும் இல்லை.
"உன் வேலையா இது?" என்று
கண்ணால் விளக்கைக் காட்டினாள்.
ஆமாம் என்றேனா, தலையைத்தான் ஆட்டினேனா,
நினைவில்லை.

வட்டத்தின் அந்தப் பக்கம்,
மற்ற அரை விளக்கின் கீழே
ஒருத்தி குழந்தையை மடியில் கிடத்திச்
சங்கில் மருந்து ஊற்றினாள்:
மூணு, நாலு,
அஞ்சாவது சொட்டு விழுமுன் சீசாவை நிமிர்த்தினாள்.
இருட்டில் அவள் எப்படி எண்ணியிருப்பாள்?

திரும்பி வந்ததும் நுனியைக் கழற்றத்தான் போனேன்.
ஏணியில் பாதி ஏறி நின்றேன்.
இறங்கிவிட்டேன்.

பிறகு உடைக்கப் போட்ட பெட்டிகளில் இருந்து
இன்னும் பதினோரு நுனி.
"வேணாண்டா, நமக்கு இருட்டுதான் தோது" என்றான் எத்திராசு.
அவன் சொன்னதில் தப்பில்லை.
அன்றைக்கே ரெண்டு மாட்டினேன்.

"மூன்றாம் வகுப்பில் முள் சீக்கிரம் இறங்குகிறதே,
எங்கே ஒழுகுகிறது பார்" என்றார் டிமெல்லோ துரை.
மூட்டு மூட்டாய்ச் சோப்புத் தண்ணீர் தடவினேன்,
அவர் கண் முன்னாலேயே.
ஒரு குமிழி இல்லை.